தாங்காத கருவி

என் கடைசித் தம்பிக்கு வேலை, விமானத்துக்குள் போகும் மின்னணுப் பெட்டிகளைத் தொந்தரவு செய்வது. கேட்பவர்களிடம் அப்படித்தான் சொல்வேன். சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சுக் கூம்புகள் ஒட்டிய இரும்பு அறையில் பெட்டியை வைத்து, கதவைச் சாத்தி, ரேடியோ அலையை ஏற்றிக்கொண்டே போவார்கள். எந்த அளவில் பெட்டி தடுமாறுகிறது என்று வெளியிலிருந்து பார்ப்பார்கள்.

ஐம்பதைத் தாண்டியதும் அவனுக்கு நாடி மந்தமானது. படியேறினால் கண் இருட்டியது. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலேயே காலம் தள்ளியவள் நான். மணிக்கட்டைப் பிடித்ததுமே தெரிந்துவிட்டது. டாக்டரும் பேஸ்மேக்கர் வைக்கச் சொன்னார். ரேடியோ அலை அதைக் குழப்பிவிடும் என்பதால், அதை வைத்தவர்கள் அந்த அறைக்குள் போகக் கூடாது.

"வச்சா வேலை போயிடும்க்கா."

"வைக்கலேன்னா நீயே போயிடுவ."

"நானே அதை டெஸ்ட் பண்ணிப் பாக்குறேன். தாங்குச்சுன்னா வேலையும் இருக்கும், நானும் இருப்பேன்."

"நல்லா பாரு. உனக்கு உடம்பும் ஒரு பெட்டிதானே."

பேஸ்மேக்கர் விற்பனைக்காரர் ஒருவரிடம் மாதிரிக் கருவி கேட்டு வாங்கினான். உடம்புக்குப் பதிலாக உப்புத் தண்ணீர்த் தொட்டி; அதில் கருவியையும், இதயத்துக்குப் போகும் அதன் ஒயரையும் போட்டான். அலையைப் பாதிகூட ஏற்றவில்லை, கருவி துடிப்பைத் தவறவிட்டது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பெட்டி தோற்றால் முதலில் அதை வைத்த விதத்தைச் சந்தேகப்படுவது அவர்கள் தொழில் பழக்கம். "ஒயரை வளைச்சது சரியில்லக்கா" என்றான். அறை காலியாக இருக்கும்போதெல்லாம் ஒயரை வேறு மாதிரி வளைத்துப் பார்த்தான். ஆபரேஷன் தள்ளிக்கொண்டே போனது. நான் திட்டினேன்; சிரித்தான்.

ஒரு நாள் ஒயர் வளைக்கும்போதே அறைக்குள் மயங்கி விழுந்துவிட்டான். அலை ஏற்றவே இல்லை, இதயம்தான் நின்றது. வெளி அலை வரக் கூடாதென்று கதவைச் சாத்தியிருந்தான். அங்கே போன் எடுக்காது. கூட வேலை பார்க்கும் நெட்டையன், தம்பி இன்னும் ஒயரை வளைத்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்து வெளியே உட்கார்ந்திருந்தான். அவன் கதவைத் திறந்து பார்த்தபோது சில நிமிடங்கள் ஆகியிருந்தன.

உயிரை மீட்டார்கள். பேஸ்மேக்கரும் வைத்தார்கள். மூளைக்கு ரத்தம் போகாமல் இருந்த நேரத்தை யாராலும் மீட்க முடியவில்லை.

நெட்டையன் ஞாயிறுதோறும் வருகிறான்.

"இப்போ நாடி எப்படிக்கா?"

"சீராத்தான் இருக்கு."

"நாம பேசுறது புரியுமா அவனுக்கு?"

"புரியாது. இனிமேலும் புரியாது."

கண்ணைத் துடைத்தபடி நின்றான்.

"சும்மா நிக்காதப்பா. தோளைப் பிடி. முதுகுல புண்ணு வந்துடும், திருப்பிப் படுக்க வைக்கணும்."