ராஜாவின் தலையணை உறை

முதல் தடவை

ஜார்ஜ் டவுன் கடலோரத்து ஹோட்டல் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருந்தேன். ஒருமுறை வெளிநாட்டு ராஜா ஒருவர் ஓய்வெடுக்க வந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அவருக்கு முன்பே அவருடைய உளவுத்துறை ஆட்கள் வந்து விளக்கு, போன், மெத்தை எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தார்கள். எனக்குக் கீழே வேலை செய்த பிள்ளைகள் துடைத்து வைத்த அறையைக் குப்பையாக்கியதில் எனக்கு ஒரே எரிச்சல்.

அவர்களின் தலைவருக்கு வழுக்கைத் தலை, மெல்லிய குரல். அறையிலிருந்து போகும் குப்பை, அழுக்குத் துணி எல்லாம் முதலில் தன்னிடம் வர வேண்டும் என்றார்.

எங்கள் செக்யூரிட்டி மேனேஜர் சிவம் அண்ணன் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு வெளியே இருக்கிற பாயான் பாருவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். அவரிடம் கேட்டேன்.

"அண்ணே, ராஜாவுக்குக் காவலுக்குத்தானே வந்தாங்க? அவரு குப்பை இவங்களுக்கு எதுக்கு?"

"நீ ஒன்னு, கமலா. அந்தக் காலத்துலேருந்து ராஜாங்கதான் ஒற்றனுக்குச் சோறு போட்டு வளத்தாங்க. ஆனா அவன் காவல் காக்கிறது நாற்காலியத்தான் லா. அதுல உக்காந்திருக்கிற ஆளை இல்ல."

மறுநாள் காலை படுக்கை விரிப்பு மாற்றப் போனேன். ராஜா தனியாக இருந்தார். வயதானவர். கையில் தலையணை உறையைச் சுருட்டி வைத்திருந்தார். அதில் இருமலில் வந்த ரத்தம்.

"இதை அவர்கள் பார்க்கக் கூடாது. பார்த்தால் என்னை இறக்கிவிட்டு என் மகனை உட்கார வைத்துவிடுவார்கள். அவன் இன்னும் படிக்கிற பிள்ளை," என்று ஆங்கிலத்தில் தணிந்த குரலில் சொன்னார்.

ஒரு நாட்டுக்கே ராஜா, ஒரு துணியை மறைக்க என்னிடம் கெஞ்சுகிறார். உறையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

காலைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்த உப்பைப் போட்டு, குளியலறையிலேயே பச்சைத் தண்ணீரில் கசக்கினேன். கறை போய்விட்டது. ஈரம் போகவில்லை. டிராலியில் மற்ற துணிகளுக்கு நடுவே செருகித் தள்ளிக்கொண்டு வந்தேன்.

வாசலில் அந்தத் தலைவர் ஒவ்வொரு துணியாகத் தொட்டுப் பார்த்தார். ஈர உறையில் கை நின்றது. "தேங்க் யூ மேடம்" என்றார், அவ்வளவுதான்.

அன்று மதியமே ராஜாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கொஞ்ச நாளில் டிவியில் செய்தி வந்தது. உடல்நலம் கருதி ராஜா பதவி விலகிவிட்டாராம். மகன் முடிசூடி நின்றான். அவனுக்குப் பின்னால் அதே வழுக்கைத் தலை.

இரண்டாவது தடவை

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் அந்தப் புதிய ராஜா அதே அறைக்கு வந்தார். அப்பா இறந்துவிட்டிருந்தார். மீசைகூடச் சரியாக அரும்பாத முகம். அப்பாவைப் போலவே இருமினார். அதே தலைவர், அதே சோதனை.

காலையில் குளியலறைக்குள் போனேன். தொட்டியில் ஒரு தலையணை உறை ஊறிக் கிடந்தது. யாரையும் நம்பாமல் தானே துவைக்கப் பார்த்திருக்கிறது பிள்ளை. தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் இன்னும் சூடாக இருந்தது. ரத்தம் பழுப்பாகித் துணியோடு பிடித்துவிட்டது.

அந்தச் சின்ன ராஜா எனக்குப் பின்னால் வந்து நின்றார். "போய்விடுமா?" என்று கேட்டார்.

உறையைத் தூக்கிப் பார்த்தேன். கண் நிறைந்துவிட்டது. அதற்குள் அறைக் கதவைத் தட்டி, "மேடம், துணி ரெடியா?" என்றது அந்த மெல்லிய குரல்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ரத்தக் கறையைச் சுடுதண்ணீரில் போடாதீர்கள். பச்சைத் தண்ணீர்தான். அந்தப் பிள்ளைக்கு இதைச் சொல்ல அவ்வளவு பெரிய அரண்மனையில் ஒருவரும் இல்லை.