கொடியடுப்பில் கொதித்தது

வசந்தம், தென்றல் என்றெல்லாம் படித்தவர்கள் எழுதுகிறார்கள். எழுதட்டும். பங்குனி பிறந்தால் கோயமுத்தூர்ப் பக்கம் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் சூடுதான். கண் எரியும், நீர்க்கடுப்பு வரும், குழந்தைகளுக்கு நெற்றியில் கட்டி கிளம்பும். அதற்கு வேண்டியதையும் அந்த மாதமே கையில் கொடுத்துவிடும். வேம்பு பூத்துக் கொட்டும். ஆவாரை காடெல்லாம் மஞ்சளாக நிற்கும். மலைப்பக்கத்துப் பெண்கள் நன்னாரி வேரைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து விற்பார்கள். கிணத்துக்கடவில் எங்கள் அம்மா இவற்றை மருந்து என்று சொன்னதே இல்லை. காலையில் ஒரு லோட்டா கைக்கு வரும். குடித்துவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதான்.

நான் கல்யாணமாகி வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மில்லுக்கு மேல் மில்லாக எழும்பிக்கொண்டிருந்த காலம். என் வீட்டுக்காரர் காட்டில் உழவு வேலையை விட்டுவிட்டுப் பஞ்சாலையில் சேர்ந்திருந்தார். மில்லுக்குப் பக்கத்திலேயே லைன் வீடு. ஒரே வரிசையாக, ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் வரிசை முழுக்க ஒரு பிடி சோறு கூடுதலாக இறங்கும். யார் வீட்டில் என்ன கொதிக்கிறது என்பதை யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, மூக்கே சொல்லிவிடும்.

அந்த வசதிதான் எனக்கு வினையாக வந்தது.

மாசி மாதம் அவருக்கு இருமல் தொடங்கியது. பஞ்சுப் பொதியைப் பிரிக்கிற இடத்தில் அவருக்கு வேலை. வீட்டுக்கு வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். தூசி உள்ளே போனால் இருமல் வரத்தானே செய்யும்? ஆனால் லைனில் இருமலுக்கு ஒரே பெயர்தான், சயரோகம். வரிசையின் முதல் வீட்டில் இருந்த மேஸ்திரி கையில்தான் ஆள் சேர்ப்பதும் நிறுத்துவதும். இருமுகிறவனை வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் ஒட்டிவிடும் என்பார். தைப் பொங்கல் கழிந்ததும் கடைசி வீட்டுக்காரரை அப்படித்தான் நிறுத்தினார். அந்த வீட்டுப் பெண் புருஷனுக்காக வீட்டுக்குப் பின்னால் ஓர் ஆடாதோடைச் செடி வைத்திருந்தாள். அந்த இலையைக் காய்ச்சினால் ஒரு காட்டமான கசப்பு வாடை எழும்பும், வேறு எதோடும் சேராது. அந்த வாடைதான் அவர்களைக் காட்டிக்கொடுத்தது. சட்டி பானையோடு ஒரு மாட்டு வண்டியில் தாராபுரத்துப் பக்கம் போனார்கள். வீடு பூட்டிக் கிடந்தது, செடி மட்டும் நின்றது.

என் வீட்டுக்காரருக்கும் அதே இலையைத்தான் காய்ச்ச வேண்டும். காய்ச்சினால் வேலை போய்விடும். காய்ச்சாவிட்டால் மனுஷன் போய்விடுவாரோ என்று பயம். அந்த ஒரு வாரம் நான் யாரோடும் நல்லபடியாகப் பேசியதாக நினைவில்லை.

அப்போதுதான் பங்குனி பிறந்தது. நன்னாரிக்காரி வந்தாள். வேரை வாங்கி இடித்துக் கொதிக்கவைத்தேன். அந்த இனிப்பு வாசனை வாசலைத் தாண்டிக் கிணற்றடி வரைக்கும் போனதைப் பார்த்ததும் எனக்குப் புத்தி வந்தது. என் அடுப்பில் பக்கத்திலேயே ஒரு கொடியடுப்பு உண்டு. பெரிய அடுப்பில் மூட்டுகிற தீயின் சூடு அதற்கும் போகும். பெரிய அடுப்பில் நன்னாரியை மூடாமல் கொதிக்கவிட்டேன். கொடியடுப்பில் ஆடாதோடை, அதன்மேல் மூடி, மூடியின்மேல் ஒரு கல். விடியும்போது ஆவாரம்பூ பறிக்கிறேன் என்று கூடையோடு போவேன். கடைசி வீட்டுப் பின்புறத்தில் ஆடாதோடை இலையைக் கிள்ளி அடியில் போட்டு, மேலே பூவைப் பரப்பிக்கொண்டு வருவேன்.

வாசனையை அனுப்பினால் ஆள் வராமல் இருப்பார்களா? மறுநாளே வந்துவிட்டார்கள். ஒருத்திக்குக் கண் எரிச்சல், ஒருத்திக்குப் பிள்ளை ஒன்றுக்குப் போக அழுகிறது, ஒருத்திக்கு ஒன்றுமில்லை, சும்மா குடித்துப் பார்க்க வேண்டும். நன்னாரியில் வெல்லமும் எலுமிச்சம்பழமும் சேர்த்து ஊற்றிக் கொடுத்தேன். ஆவாரம்பூவைக் காய்ச்சிக் கருப்பட்டி போட்டுக் கொடுத்தேன். வேப்பம்பூவை மட்டும் கொடுத்தபோது எல்லோரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனார்கள். போகட்டும், கொஞ்சம் மிச்சமாயிற்று என்று சந்தோஷப்பட்டேன். அள்ளிக் கொடுக்கிறவள் என்று லைனில் எனக்குப் பெயர் வந்துவிட்டது. பிறந்த வீட்டில் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

வீட்டுக்காரர் கஷாயத்தைக் குடிக்கிற அழகைப் பார்க்க வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் இறக்குவார்.

"ஏம்புள்ள, இதுக்கு இருமலே தேவலையாட்டம் இருக்குது" என்பார்.

"இருமிப்போட்டு மேஸ்திரிகிட்டப் போய் அதச் சொல்லுங்க" என்பேன்.

சளி இளகத் தொடங்கியது. மில்லில் இருமல் வந்தால் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். மெஷின் சத்தம் கூடுகிற நேரமாகப் பார்த்து இருமிக்கொள்வதாகச் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது.

தினமும் தவறாமல் வந்தவர் மேஸ்திரி வீட்டு அக்காதான். என்னைவிட வயதில் நிறைய மூத்தவர். சமையற்கட்டு நிலையில் சாய்ந்துகொண்டு நன்னாரியைச் சொட்டுச் சொட்டாகக் குடிப்பார். கண் மட்டும் கொடியடுப்பின் மேல் இருக்கும்.

"அதுல என்ன அம்மணி வெச்சிருக்கற?"

"ரசத்துக்குத் தண்ணி வெச்சிருக்கறனுங்க அக்கா."

மிச்ச நன்னாரியையும் குடித்து முடிப்பார். லோட்டாவைக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போய்விடுவார். அவர் தலை மறைகிற வரைக்கும் நான் கொடியடுப்பின் பக்கம் திரும்பமாட்டேன். புருஷன் காதில் ஒரு வார்த்தை போட்டால் போதும், அடுத்த வண்டி எங்கள் வாசலுக்குத்தான்.

ஒரு நாள் மத்தியானம், மில் சங்கு ஊதி ஆட்கள் உள்ளே போன பிறகு, லைன் அடங்கியிருந்த நேரத்தில் வந்தார். முந்தானைக்குள் ஒரு தூக்குப்போசி, கைப்பிடி வைத்த சின்னப் பாத்திரம்.

"வாங்கக்கா. நன்னாரி ஊத்தட்டுங்களா?"

"நன்னாரி வேண்டாங் கண்ணு. கொடியடுப்புல இருக்கறதுல கொஞ்சம் குடு."

"அது ரசத்துக்குங்க" என்றேன். மூடியின்மேல் இருந்த கல்லை இன்னும் அழுத்தி வைத்தேன்.

"ரசத்துக்கு வெச்ச தண்ணி எப்படி வாசமடிக்கும்னு எனக்குத் தெரியாதா அம்மணி?" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்கூட்டுக்காரரு ஐப்பசியில இருந்தே இருமறாரு. தலகாணியில மூஞ்சியப் பொதச்சுக்கிட்டு இருமறாரு. மேல இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சா அவரயும் வெச்சிருக்க மாட்டாங்க."

எனக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. அப்புறம்தான் ஐப்பசி என்ற சொல் மண்டையில் ஏறியது. ஐப்பசிக்கு அப்புறம்தானே தை? கடைசி வீட்டுக்காரரை இருமுகிறான் என்று அனுப்பியபோதே இவர் தலையணைக்குள் இருமிக்கொண்டிருந்தாரா? கரண்டியை அடுப்பு மேட்டில் வைத்தேன். பாத்திரத்தைச் சாம்பலில் கவிழ்த்துவிடலாமா என்று தோன்றியது.

"அப்பறம் எதுக்குங்க அவங்கள அனுப்புனாரு?" என்று கேட்டேவிட்டேன்.

அக்கா வெளியே வந்திருந்த விறகை அடுப்புக்குள் தள்ளினார்.

"நானும் கேட்டேன். அவன் பக்கத்துல நின்னு இருமுனா, எல்லாரும் அப்படியே திரும்பி என்னயப் பாக்கறாங்கன்னாரு. தன்னோட இருமலும் வெளிய தெரிஞ்சிருமோன்னு பயம் கண்ணு. வேறென்ன?"

கல்லை எடுத்து, மூடியைத் திறந்து, பாதியை அவர் போசியில் ஊற்றினேன். பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என் ரகசியம் அவரிடம் இருந்தது, அவருடையது இப்போது என்னிடம் வந்துவிட்டது, அந்தக் கணக்கும் எனக்குள் ஓடியது. ஆனால் போசியை நீட்டியிருந்த அவர் கையைப் பார்த்தேன். என் கையைப் போலவே அதிலும் அடுப்புச் சூட்டுத் தழும்புகள் இருந்தன.

போகும் முன் என் முறத்திலிருந்து ஒரு பிடி ஆவாரம்பூவை அள்ளிப் போசியில் மேலாகத் தூவிக்கொண்டார். வழியில் யாராவது எட்டிப் பார்த்தால் மஞ்சள்தான் தெரியும். நான் யாரிடமும் சொல்லாத என் வித்தையை அவரும் தானாகவே கண்டுபிடித்திருந்தார்.

"தெனமும் நீயே குடுத்துட்டிருந்தா உங்கூட்டுக்காரருக்குப் பத்தாது. நாளைக்கு நானும் வாரேன். எல எங்க பறிக்கற?"

"கடைசி ஊட்டுக்குப் பின்னாலீங்க. அந்தக்கா வெச்ச செடிதான்."

நிலையில் கை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார். பிறகு போசியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போனார்.

இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் விடியும்போது எனக்கு முன்னால் அங்கே நின்றுகொண்டிருந்தார், இடுப்பில் ஒரு குடம் தண்ணீரோடு. தை மாதத்திலிருந்து அந்தச் செடிக்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. நானும் ஊற்றவில்லை, கிள்ளத்தான் தெரிந்தது. அவர் வேரைச் சுற்றிக் கையால் மண்ணை அணைத்து, குடத்து நீரை மெதுவாக ஊற்றி முடித்த பிறகுதான் முதல் இலையைத் தொட்டார்.

சித்திரை முடிவதற்குள் இரண்டு வீட்டிலும் இருமல் அடங்கியது. என் வீட்டுக்காரருக்கு வேலை நிலைத்தது. மேஸ்திரி அதற்கப்புறமும் மேஸ்திரியாகத்தான் இருந்தார். இந்தக் கஷாயம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை அக்கா அவரிடம் சொன்னாரா, எனக்குத் தெரியாது. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. மழைக்காலத்துக்குள் செடி எங்கள் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டது. அதை வைத்தவளின் புருஷன் தேறினாரா என்று மட்டும் கேட்டுச் சொல்ல, தாராபுரத்தில் எங்களுக்குத் தெரிந்த ஆள் யாரும் இல்லை.