நான் அழித்த ஒன்பது பெயர்கள்

1. இரண்டு பேர் எழுந்தார்கள்

"எல்லம்மாள், கணவர் பெயர் முனுசாமி, வயது நாற்பது" என்று ஜோசப் சார் மைக்கில் வாசித்தார். பந்தலுக்குள் இரண்டு பெண்கள் எழுந்து நின்றார்கள். ஓரமாக உட்கார்ந்திருந்த நான் கையிலிருந்த கம்ப்யூட்டர் பிரின்ட் அவுட்டைப் பார்த்தேன். அதில் அந்த வரி ஒன்றுதான் இருந்தது.

இது நடந்தது 2005ஆம் வருடம், கத்திரி வெயிலில். இடம், மரக்காணம் உப்பளத்தை ஒட்டி இருந்த ஒரு குப்பம். 'இருந்த' என்றுதான் சொல்ல வேண்டும். சுனாமியில் குடிசைகள் எல்லாம் போய், ஜனங்கள் தகரக் கொட்டகையில் தங்கியிருந்தார்கள். சென்னையிலிருந்து வந்த ஒரு தொண்டு நிறுவனம் அவர்களுக்கு வீடு கட்டித் தர ஒப்புக்கொண்டிருந்தது. அதன் கோ-ஆர்டினேட்டர்தான் ஜோசப் சார். வீடு பெண்கள் பெயரில்தான். யாருக்கெல்லாம் என்கிற லிஸ்ட் என் சாஃப்ட்வேரில் இருந்து வந்தது.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஊர் கிளியனூர். திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு, வீட்டு முன்னறையில் ஓர் அசெம்பிள்டு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, 'வெப் டெவலப்பர்' என்று விசிட்டிங் கார்டு அடித்திருந்தேன். அந்தக் கார்டை வாங்கிப் பார்த்தவர்களில் பாதிப் பேர், "வெப்புன்னா என்னப்பா, டிவி ரிப்பேரா?" என்று கேட்டார்கள். அதுவரை செய்தது இரண்டே ப்ராஜெக்ட். கூனிமேட்டில் ஒரு பாயின் மளிகைக் கடைக்கு பில் போடும் சாஃப்ட்வேர். இடையஞ்சாவடி பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு ஐந்து பக்க வெப்சைட். அந்த கெஸ்ட் ஹவுஸ்காரர் முகப்பில் கடல் அலை அசைய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு அலை அசைகிற ஜிஃப் படம் ஒன்று செய்து கொடுத்தேன். சுனாமிக்கு அடுத்த வாரம் போன் செய்து, "அந்த அலைய எடுத்துடுப்பா" என்று மட்டும் சொன்னார். எடுத்துவிட்டேன்.

ஜோசப் சாரை மரக்காணம் பிரவுசிங் சென்டரில் சந்தித்தேன். மெயில் அனுப்ப வந்தவர், என் கார்டைப் பார்த்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, காலேஜ் பசங்கள வச்சு வீடு வீடா ஃபாரம் எழுதி வாங்கிருக்கோம். எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தணும். ஒரே ஆளு ரெண்டு தடவ எழுதிருப்பாங்க. அந்த டூப்ளிகேட்டக் கண்டுபிடிச்சுத் தூக்கணும். ஹெட் ஆபீஸ்ல அதுலதான் கண்ணா இருக்காங்க. முடியுமா?"

"முடியும் சார்" என்றேன். அந்த வயதில் எதைக் கேட்டாலும் முடியும் சார்தான்.

விபி-யில் ப்ரோக்ராம் எழுதினேன், டேட்டாவை ஆக்சஸில் வைத்தேன். பெயர், கணவர் பெயர், வயது, தெரு. நான்கும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று கண்டிஷன். அதற்கென்று ஒரு பட்டன். சார் முன்னால் அதை அமுக்கினேன். இருநூற்றுப் பன்னிரண்டு, கண் மூடித் திறப்பதற்குள் இருநூற்று மூன்று ஆனது.

"பரவால்லியே தம்பி! ஒரே அமுக்குல ஒம்போது போலி காலி!" என்று முதுகில் தட்டினார். அன்றைக்கே ஹெட் ஆபீஸுக்கு அதைப் பெருமையாக மெயில் போட்டார். அடுத்து மற்ற மாவட்டங்களின் லிஸ்டும் உனக்குத்தான் என்றார். நான் கிளியனூருக்கு பஸ்ஸில் போகவில்லை, பறந்துதான் போனேன்.

2. உட்கார்ந்தார்கள்

எழுந்து நின்ற இருவரையும் பார்த்து ஜோசப் சார் கேட்டார். "இதுல யாரும்மா எல்லம்மா?"

"நான்தாங்க."

"நானுந்தாங்க."

"வீட்டுக்காரர் பேரு முனுசாமி யாருக்கு?"

இரண்டு பேருமே தலையாட்டினார்கள். கூட்டத்தில் சிரிப்பு. விஷயம் அந்த ஊருக்குப் புதிதில்லை. ஊர் எல்லையில் எல்லையம்மன் கோயில். தலைச்சன் பெண் என்றால் எல்லம்மாள், தலைச்சன் பையன் என்றால் முனீஸ்வரன் பேரில் முனுசாமி. எல்லம்மாளை முனுசாமிக்குக் கட்டி வைப்பதில் யாருக்கும் ஆச்சரியம் கிடையாது. வயது கேட்டால், "நாப்பது இருக்கும், எழுதிக்கோ." இருந்தது ஒரே தெரு. ரேஷன் கார்டு கடலில் போய்விட்டது.

எங்கள் ஊரில் ஆளுக்கொரு பேர். இப்படி ஓர் ஊர் ஒரு பஸ் பயணத் தூரத்தில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஜோசப் சார் லிஸ்டை மறுபடி பார்த்தார். "லிஸ்ட்ல ஒரு எல்லம்மாதாம்மா இருக்குது. ஒரு வீடுதான். யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணி ஒருத்தர் முன்னால வாங்க."

அந்த லிஸ்டில் இருக்கிற எல்லம்மாள் யார் என்று எனக்கே தெரியாது. கம்ப்யூட்டருக்கும் தெரியாது. முதலில் ஓரடி எடுத்து வைப்பவளுக்கு வீடு. ஐந்து மாதமாகத் தகரத்துக்கு அடியில் வெந்துகொண்டிருப்பவர்கள் அவர்கள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை. இடது பக்கம் நின்றவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். வலது பக்கம் நின்றவளும் உட்கார்ந்தாள்.

"என்னம்மா, வீடு வேணாமா?"

"வேணுங்க. அவ பேரும் வரட்டும், வாங்கிக்கறேன்" என்றாள் முதலில் உட்கார்ந்தவள்.

சார் அடுத்த பெயருக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு பெயருக்கு இரண்டு பேர் எழுந்தார்கள். உட்கார்ந்தார்கள். பிறகு இன்னொன்று. ஒரு பெண் மட்டும் இரண்டடி முன்னால் வந்தாள். கையில் கைக்குழந்தை. பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தாள். அப்புறம் வந்த வழியே போய்த் தன் பேர்க்காரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். இப்படியே ஒன்பது தடவை. பதினெட்டுப் பெண்கள். பந்தலில் சிரிப்புச் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. 'போலி' என்று நான் ஒரு பட்டனில் தூக்கியவர்கள் அத்தனை பேரும் என் கண் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான் பிரின்ட் அவுட்டை நான்காக மடித்து உள்ளங்கையில் அமுக்கிக்கொண்டேன்.

கூட்டம் முடிந்து டீக்கடையில் சார் கேட்டார். "தம்பி, இது ப்ரோக்ராம்ல தப்பா?"

"ஃபாரம் எழுதின பசங்க சரியா எழுதல சார்" என்றேன்.

முழுப் பொய் இல்லை. ஆனால் பொய்தான்.

3. பாத்தி மேல்

மறுநாள் காலை ஆறு மணிக்கெல்லாம் உப்பளத்துக்குப் போய்விட்டேன். பதினெட்டுப் பேரையும் பிரித்துக் காட்டுகிற மாதிரி ஃபாரத்தில் சேர்க்க ஏதாவது ஒன்று வேண்டும். அதற்கு அவர்களைத்தான் கேட்க வேண்டும். அவர்களோ வேலையில் இருந்தார்கள்.

அந்த வழியாக நூறு தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். வரப்பில் இறங்கி நின்றது அன்றைக்குத்தான். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் கட்டம் கட்டமாகப் பாத்தி. சிலதில் தண்ணீர், சிலதில் வெள்ளை ஆடை மாதிரி உப்பு. சூரியன் மேலே வந்ததும் எல்லாம் ஒன்றாக மின்னியது. வெளிச்சம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த வெளிச்சத்துக்கு நடுவில் வெறுங்காலோடு நீளக் கம்பு போட்ட பலகையை இழுத்து, பெண்கள் உப்பை வரப்புக்கு வாரிக்கொண்டிருந்தார்கள். சுனாமி கொண்டுவந்து கொட்டிய சேற்றை ஒவ்வொரு பாத்தியிலும் கையால் அள்ளி வெளியே போட்டுவிட்டு, இரண்டு மாதத்தில் மறுபடி உப்பு எடுத்தவர்கள் அவர்கள்.

முந்தின நாள் முதலில் உட்கார்ந்த எல்லம்மா என்னைப் பார்த்துவிட்டாள்.

"ஏம்பா, கம்ப்யூட்டர்காரரு! செருப்பக் கழட்டிட்டு வா. வரப்பு இடிஞ்சா உங்க ஜோசப் சார் வந்து கட்டுவாரா?"

கழற்றினேன். உப்பு காலை அறுத்தது.

"அக்கா, ஊர்ல இத்தன எல்லம்மா இருக்கீங்களே. எப்படிக்கா கூப்புடுவீங்க?"

"இதென்ன கேள்வி? நான் மேட்டு எல்லம்மா. மேட்டுப் பாத்தி என்னுது. மதகுகிட்ட நிக்கறாளே, அவ மதகு எல்லம்மா. பதிமூணு வருசமா அவ அங்கதான், நான் இங்கதான்."

"அதோ அந்தக் கடைசியில?"

கடைசியில் தெரிந்தது ஒரு புள்ளி. ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"அது ரெட்டக்கரை முனியம்மா. இடதுகைக்காரி. பலக சாயறதப் பாரு, தெரியலியா?"

தெரியவில்லை. அவள் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். எந்தப் பாத்தியில் யார், வேலையில் அவளுடைய ஜோடி யார், யாருக்கு எத்தனை பிள்ளை, குடிசை எங்கே இருந்தது, அலையில் எந்தப் பக்கமாகப் போனது. ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை, யோசிக்கவில்லை. நோட்டில் எழுத எழுத என் கை வலித்தது. நான் ஒரு மாதம் உட்கார்ந்து செய்ததை அவள் பலகையை இழுத்துக்கொண்டே செய்தாள், அதில் ஒரு ஆள் விடுபடவில்லை.

கடைசியில் கேட்டேன். "அக்கா, நேத்து நீங்க முன்னால வந்திருந்தா வீடு உங்களுக்குத்தான். மதகு எல்லம்மா உங்களுக்கு அவ்ளோ வேண்டியவங்களா?"

பலகையை நிறுத்தினாள். "யாரு, அவளா? ஆறு வருசமா நான் அவகூடப் பேசறதில்ல. நாலு நாள் வெளஞ்ச உப்பு. வார வேண்டிய அன்னிக்கு மதகத் தெறந்துவுட்டா. அவ்ளோவும் கரைஞ்சு போச்சு. மூஞ்சில முழிக்க மாட்டேன்."

"அப்புறம் ஏன்க்கா?"

"அது வேற, இது வேற. பேச்சு இல்லன்னா ஆளே இல்லன்னு ஆயிடுமா? நீதான் அவள இல்லன்னு எழுதிட்ட. நான் எழுதலியே."

என் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மறுபடி பலகையை இழுக்க ஆரம்பித்துவிட்டாள். நான் நோட்டை மூடிக்கொண்டு வரப்பை விட்டு இறங்கினேன்.

நேராக ஜோசப் சாரிடம் போனேன். "சார், பசங்க எழுதினது சரிதான். கண்டிஷன் போட்டது நான். தப்பு என்னுது."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒம்போது போலியப் புடிச்சேன்னு நானும் மெயில் போட்டுட்டேனே தம்பி. சரி வா, ரெண்டு பேரும் சேந்தே வாங்கிக் கட்டிக்குவோம்."

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, லைன் மூன்று தடவை கட் ஆகி, தப்பை ஒப்புக்கொண்டு மெயில் அனுப்பினோம். ஹெட் ஆபீஸிலிருந்து ஓர் அம்மா சரிபார்க்க வந்தார். நான் ஃபாரத்தில் புதிதாக 'பாத்தி' என்று ஒரு கட்டம் சேர்த்திருந்தேன். நோட்டை வைத்துக்கொண்டு வரப்பு வரப்பாக அவரைக் கூட்டிப்போய், பதினெட்டுப் பேரையும் ஒவ்வொருவராகக் காட்டினேன். இருநூற்றுப் பன்னிரண்டு வீடும் கிடைத்தது. மற்ற மாவட்டங்களின் லிஸ்ட் வேலை எனக்குக் கிடைக்கவில்லை. நியாயம்தான்.

4. சாவி

2006இல் வீடுகளைக் கொடுத்தார்கள். என் லிஸ்டில் பெயர்கள் அகர வரிசையில் இருந்தன. அதே வரிசையில் வீட்டு நம்பர் போட்டுவிட்டார்கள். இதையும் நான் யோசிக்கவில்லை. மேட்டு எல்லம்மா சாவியை வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"ஏம்பா, ஊர்ல எடமே இல்லியா? பேசாதவளக் கொண்டாந்து பக்கத்து வூட்டுல வச்சிட்டியே!"

அதற்குப் பிறகு எத்தனையோ சாஃப்ட்வேர் செய்துவிட்டேன். டூப்ளிகேட்டைத் தானாக அழிக்கிற பட்டனை எதிலும் வைத்ததில்லை. ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால், என் ப்ரோக்ராம் நின்று கேட்கும்: 'இரண்டு பேரும் இருக்கிறார்களா? நேரில் பார்த்தீர்களா?' என்னிடம் வேலை பார்த்த பிள்ளைகள், இதெல்லாம் எதுக்கு சார், யூசர் கடுப்பாவாங்க என்பார்கள். கடுப்பாகட்டும் என்பேன். மெஷினுக்குத் தெரியாததைப் போய்ப் பார்த்துவிட்டு வருவதும் நம் வேலைதான்.

சில வருடம் கழித்து அந்தப் பக்கம் போனபோது மதகு எல்லம்மா வீட்டில் பூட்டுத் தொங்கியது. பக்கத்து வாசலில் மேட்டு எல்லம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது.

"மதகு எல்லம்மா இல்லியாக்கா?"

"மக வூட்டுக்குப் போயிருக்கா. சாயங்காலம் வருவா. ஒக்காரணும்னா ஒக்காரு, சாவி எங்கிட்டதான் இருக்குது."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்போ பேச ஆரம்பிச்சிட்டீங்களா?"

"யாரு? நானா?" என்று மீனிலிருந்து நிமிர்ந்தாள். "அவ சாவிய எங்க வூட்டு ஜன்னல்ல வச்சிட்டுப் போவா. நான் எடுத்து வச்சுக்குவேன்."