கொழுந்தனுக்கு ஒரு லைன்

முக்கூடலில் மாமனார் கட்டிய வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து, ஒரு பக்கம் நாங்களும் மறுபக்கம் என் கொழுந்தனும் இருக்கிறோம். அவரிடம் இன்வெர்ட்டர் இருந்தது. மாதம் ஒரு நாள் பராமரிப்பு என்று பகல் முழுக்க கரண்டை நிறுத்தும்போது, எங்களுக்கும் ஒரு ஃபேனுக்கு லைன் கொடுப்பார். கொடுத்ததை ஊரெல்லாம் சொல்லிக் காட்டவும் செய்வார். பொறுத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த சித்திரையில், வாசலில் பைக் நிறுத்தும் இடத்துக்காக எனக்கும் கொழுந்தனுக்கும் வாய்த்தகராறு. அடுத்த பராமரிப்பு நாளில் லைனைப் பிடுங்கிவிட்டார். தையல் போட்ட வயிற்றோடு அந்த மனுஷன் வேர்த்துக் கிடக்க, பேப்பரை மடித்து சாயங்காலம்வரை விசிறினேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அன்றைய வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அந்த வீம்பில்தான் மாடியில் சோலார் போட்டேன். பேட்டரி இல்லாவிட்டால், ஊரில் கரண்ட் போகும்போது அதுவும் நின்றுவிடும் என்பது பிறகுதான் புரிந்தது.

"என்ன மதினி, இம்புட்டு வெயில் அடிக்கு, ஒங்க ஃபேனு சும்மா நிக்கு" என்றார் கொழுந்தன், மாடியில் நின்றுகொண்டு.

பேட்டரி வைக்கலாமா என்று கேட்க, சோலார் போட்டவரை வரச் சொன்னேன்.

"தேவையில்ல டீச்சர். மாசத்துல ஒரு நாளுக்கு எதுக்கு இம்புட்டு செலவு?" என்றார் அவர். என் வீட்டுக்காரரும் தலையாட்டினார். நியாயமான பேச்சுதான். ஆனால் அதற்குள் கொழுந்தனின் இன்வெர்ட்டர் பேட்டரி செத்துப்போயிருந்தது. புதிது வாங்க அவருக்குக் கை வரவில்லை. அது எனக்குத் தெரியும்.

"வச்சிருங்க. ஒரு ஃபேன் கூடுதலா ஓடணும்" என்றேன்.

"எந்த ரூமுக்கு?"

சுவரைக் காட்டினேன்.

"பழசையெல்லாம் மறந்துட்டியே" என்று என் வீட்டுக்காரர் கண் கலங்கினார்.

இப்போது பராமரிப்பு நாளில் கொழுந்தன் என் கரண்டில்தான் மத்தியானம் தூங்குகிறார். மதினிக்குப் பெரிய மனசு என்று எல்லோரிடமும் சொல்கிறார். சொல்லித்தானே ஆகவேண்டும்? சுவிட்ச் என் அடுக்களையில் இருக்கிறது. இதுவரை ஒரு தடவைகூட அணைத்ததில்லை.

கரண்ட் போகிற அன்று காலையிலேயே வந்து நிற்கிறார். "மதினி, இன்னைக்கு லைன் உண்டும்லா?"

"பாப்போம்" என்கிறேன்.