விண்ணரசி வரைந்த இதயம்

விண்ணரசி டாக்டராக வேண்டும் என்று முடிவானபோது அவளுக்கு வயது ஆறு. முடிவு செய்தவர் அவள் அப்பா மிக்கேல் வாத்தியார். எனக்குத் தாய்மாமன். 1975-இல் நானும் அவளும் வரதராசன்பேட்டையிலிருந்து பஸ் ஏறி அரியலூருக்கு பி.யூ.சி. படிக்கப் போனோம். அவள் டாக்டராவதற்குப் போனாள். நான் அவளுக்குத் துணையாகப் போனேன். நான் என்ன ஆகப்போகிறேன் என்று யாரும் கேட்கவில்லை.

மெடிக்கல் சீட்டுக்கு அறிவியல் மார்க்கைத்தான் கூட்டுவார்கள். தமிழும் இங்கிலீஷும் பாஸானால் போதும். மாமா அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினார். விலங்கியலுக்குத் தினம் இரண்டு மணி நேரம், தமிழுக்குப் பல் துலக்கும் நேரம்.

"தமிழு நம்ம வூட்டுல பேசுறதுதானே" என்றார்.

விண்ணரசிக்கோ தமிழ் வகுப்பில்தான் முகம் தெளியும். கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி எதையும் விடமாட்டாள். படமும் நன்றாக வரைவாள். ஜூன் மாதத் திருஇருதயத் திருநாள் கொடியில் இயேசுவின் இருதயத்தைப் பத்து வயதிலிருந்து அவள்தான் வரைந்து கொடுப்பாள். சுற்றிலும் முள்முடி, உச்சியில் தீச்சுடர். அந்த வருஷம் கொடியைத் தொடக்கூடாது என்றார் மாமா. அவள் தவளையின் இரத்த ஓட்டம் அலுத்தபோதெல்லாம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த இருதயத்தை வரைந்து ஆசையைத் தீர்த்துக்கொண்டாள்.

ஏப்ரலில் பரீட்சை. மனித இதயத்தின் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்லிக் கேள்வி. அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். திரும்பி வரும்போது, பஸ் வி. கைகாட்டி நிறுத்தத்தைத் தாண்டியதும் என் கையைப் பிடித்தாள்.

"முள்ளு போட்டுட்டேன்டி."

"எதுக்கு?"

"இதயத்துக்கு. சுடரும் போட்டுட்டேன். பாகமெல்லாம் சரியாத்தான் குறிச்சேன். முள்ளுக்கு மட்டும் பேரு எழுதல."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வீட்டில் மாமாவிடம் அவளே சொன்னாள். அவர் சுவரில் மாட்டியிருந்த திருஇருதயப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி. கைய கழுவிட்டுச் சாப்புடு."

அந்தக் கேள்விக்கு ஐந்து மார்க். சீட் மூன்று மார்க்கில் போனது. தமிழில் காலேஜிலேயே அவள்தான் முதல்; அந்த மார்க்கைக் கொண்டுபோய் அங்கே சேர்க்க வழியில்லை. பி.ஏ. தமிழ் படித்து ஜெயங்கொண்டம் பக்கத்தில் தமிழாசிரியை ஆனாள். மாமா அதற்குப் பிறகு அவளிடம் சோறு, மழை, பஸ் நேரம் தவிர எதுவும் பேசவில்லை. ஒன்பது வருஷம். சீட் போனதைவிட அதுதான் அவளுக்கு வலித்தது. என்னிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

1985-இல் மாமாவுக்கு நெஞ்சுவலி வந்து அரியலூரில் சேர்த்தோம். டாக்டர் வந்து இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். மாமா மகளைப் பார்த்தார்.

"என்னம்மா சொல்லிட்டுப் போறாரு?"

அவள் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து இதயம் வரைந்தாள். "இந்தக் குழாய்லதான் அடைப்புப்பா. மாத்திர போட்டா ரத்தம் ஒழுங்கா போவும்."

மாமா தாளை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார்.

"முள்ள வுட்டுட்டியே."

அவள் அழுதாள். பிறகு தாளை வாங்கி ஒவ்வொரு முள்ளாகப் போடத் தொடங்கினாள்.

"சுடரும் போடு" என்றார் மாமா.