நாலாம் நாள் சமையல்

கணினியைக் கொண்டு தேற்றங்களை நிரூபிக்கும் வெங்கடேஷுக்கு நாகலூரில் சமைத்துப்போடுபவர் லூர்துசெல்வி. அவருக்குக் களியும் சாமைச் சோறும்தான் வரும். குறை சொன்னால் கோபமும் வரும்.

"நேத்துச் செஞ்சது இன்னைக்கு வேண்டாங்க அக்கா. ரெண்டு நாள் சமையல் அதே வரிசையில அடுத்த ரெண்டு நாளும் திரும்பக்கூடாது" என்று வெங்கடேஷ் விதி போட்டார்.

களி, சோறு, களி என மூன்று நாள் ஓடியது. நாலாம் நாள் களி ஆக்கினால் நேற்றையது. சோறு ஆக்கினால் களி, சோறு என்ற அதே ஜோடி மறுபடியும். எதுவும் ஆகாதென்று கணினி நொடியில் நிரூபித்தது.

லூர்துசெல்வி அடுப்பை அணைத்தார்.

வெங்கடேஷ் பதறினார். "மூணாவதா ஒண்ணு இருந்தா, காலத்துக்கும் விதி உடையாதுங்க அக்கா! அதுக்கும் நிரூபணம் இருக்கு."

"அப்ப அந்த மூணாவதை நீங்களே ஆக்குங்க சாமி" என்று கரண்டியை அவர் கையில் திணித்துவிட்டு லூர்துசெல்வி சேலம் பஸ் ஏறினார்.