அயிலை வயிற்றில் ஒரு புழு

மீன்கடையில் கத்தியைவிட வாய்தான் முதலில் மழுங்குகிறது.

பாளையம்பட்டியில் மீன் விற்கும் என் சித்தி ஜெசிந்தாவுக்கு நடந்தது அநியாயம். அவர் விற்ற அயிலை மீனின் குடலில் நூல்போல ஓர் உருளைப்புழு நெளிந்ததை, வாங்கிப்போன மளிகைக்கடை அண்ணாச்சி போனில் படமெடுத்து, 'அழுகின மீன், உஷார்' என்று ஊர் பூராவும் அனுப்பிவிட்டார். நான் விலங்கியல் முதுகலை படிக்கிறேன். விடுமுறையில் சித்தி கடையில் மீன் வெட்டுகிறேன். படித்ததைச் சொல்லப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களே, மீதி உங்களுக்கே புரியும்.

பாடம் எடுத்தது

மறுநாள் ஒரு பெரியம்மா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தயங்கினார். விடுவேனா? "அழுகலில் வருவது ஈப்புழு. இது கடலிலேயே மீனுக்குள் வாழ்கிற புழு. பச்சையாகத் தின்றால்தான் ஆபத்து, குழம்பு நன்றாகக் கொதித்தால் செத்துவிடும்" என்றேன். பெரியம்மா மீனைக் கீழே போட்டார்.

"அப்ப செத்த புழுவத் திங்கச் சொல்றியா ஆத்தா?"

சுத்தம் செய்தது

மீன் செத்தபிறகு புழு குடலிலிருந்து சதைக்குள் ஏறலாம். குடலைச் சீக்கிரம் எடுப்பதே நல்லது. சித்தியிடம் வாதாடி, தூத்துக்குடி வேன் இறக்கியதுமே எல்லா மீனுக்கும் குடலெடுத்து ஐஸில் அடுக்கவைத்தேன். இரண்டு பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். பந்தல்குடி ரோட்டில் இருக்கும் இன்னொரு மீன்கடைக்கும் அதே வேன்தான் மீன் இறக்குகிறது என்று நான் சொல்வதற்குள் ஒருத்தி திரும்பிவிட்டாள்.

"வயித்தக் கிழிச்சு வச்சிருக்காக, பழைய மீனு. வாடி, பந்தல்குடி ரோட்டுல முழுசா வச்சிருக்காக."

ஐஸ் உருகியது

மத்தியானம் பெட்டியில் தண்ணீரும் மீனும்தான் மிச்சம். அப்போதும் நான் விளக்கம் எழுதி ஒட்டலாம் என்று யோசனை சொன்னேன். சித்தி தராசைக் கழுவிக் கவிழ்த்தார்.

"நீ பேசப் பேசத்தான் பாப்பா புழு பெருசாகுது. இந்த மாசத்தோட கடைய விட்டுட்டு மில்லுக்குப் போறேன்."

அண்ணாச்சி வாய் திறந்தது

நேரே மளிகைக்கடைக்குப் போனேன். "படத்தை அழித்துவிட்டு, மீன் கெட்டதில்லை என்று ஒரு வரி போடுங்கள் அண்ணாச்சி. ஒரு பொம்பளையின் பிழைப்பு போகிறது" என்று மூச்சுவிடாமல் வாதாடினேன். பருப்பை நிறுத்தபடியே பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அந்த மீனை எங்கேதான் வீசினீர்கள்?" என்றேன். பொசுக்கென்று நிமிர்ந்தார்.

"எதுக்கு வீசணும்? குடல எடுத்துட்டு அன்னைக்கே குழம்பு வச்சுத் தின்னுட்டோம். நல்ல மீனுதாம்மா. ஆனா நல்ல மீனுன்னு போட்டா யாரு பாப்பாக?"